இரவெல்லாம் எரிய வேண்டுமா, காலையில் கங்கு இருந்தால் போதுமா?

கணவரின் சித்தப்பா மகன் போன மாதம் நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். தகரக் கூரை, பலகைத் தரை, ஆள் உயரச் சன்னல்கள். பார்க்க அழகான வீடு, குளிருக்கு மட்டும் எல்லாப் பக்கமும் வாசல். முதல் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்த அன்று காலையிலேயே அழைத்துவிட்டார்.

“அண்ணி, பதினான்கு கிலோவாட் கணப்பு அடுப்பு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். படுக்கப் போகும்போது ஒரு முறை விறகு நிரப்பினால் விடியும்வரை எரியுமாம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வாங்கிவிடவா?”

“பொறுங்கள் தம்பி” என்றேன். தொலைபேசியில் சொன்னது பாதிதான். தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நடாலின் இந்த மேட்டு நிலத்துக்குக் குடிவரும் நம்மவர்கள் பலரும் இதே கேள்வியோடு வருவதால் மீதியை எழுதிவிடுகிறேன்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. எங்கள் ஊரில் குளிர்காய்வது என்றால் மார்கழி விடியற்காலையில் தெருமுனையில் சருகைக் கூட்டிக் கொளுத்திச் சுற்றி நிற்பதுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பிறகு ஹோவிக்குக்கு வந்து, பன்னிரண்டு குளிர்காலங்களைக் கணப்பு அடுப்போடு ஓட்டியிருக்கிறேன். அவற்றில் முதல் இரண்டை வீணாக்கினேன். அந்தப் பாடம்தான் இந்தக் கட்டுரைக்கு முதலீடு.

“இரவு முழுவதும் தீ இருக்க வேண்டும்” என்று கேட்பவரிடம் முதலில் எதற்கு என்று கேட்க வேண்டும். மூன்று வேறு ஆசைகள் இந்த ஒரே வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கும் அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. காலை ஐந்து மணிக்கு, விறைத்த விரல்களோடு தீக்குச்சியும் தாளுமாக மல்லுக்கட்டாமல், உடனே தீ வர வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டு நெருப்பு அணையக் கூடாது என்ற பழைய மனசு அது. என் மாமியாருக்கு அது உண்டு, எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒவ்வோர் ஆசைக்கும் வழி வேறு, செலவும் வேறு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் பாதிக் குழப்பம் தீரும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. மின்சாரத்துக்கு நாம் காசு கட்டுகிற அதே யூனிட்தான். நல்ல அடுப்பு அதில் முக்கால் பங்கை அறைக்குத் தரும், மீதி புகைபோக்கியோடு போய்விடும். ஆக, கைக்கு வருவது கிலோவுக்கு 3 யூனிட். காற்றுப் புகாத, கூரைக்கு அடியில் வெப்பக் காப்பு விரித்த ஓர் அறையை உறைபனி இரவில் சூடாக வைக்க 2 கிலோவாட் போதும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 16 யூனிட், அதாவது ஐந்தரைக் கிலோ விறகு. தம்பியின் வீடுபோல வெறும் தகரக் கூரை என்றால் இரண்டு மடங்கு, பதினோரு கிலோ. என் அடுப்பின் வயிறு ஆறு கிலோவுக்கு மேல் கொள்ளாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. விறகு எட்டு மணி நேரமும் ஒரே சீராக வெப்பம் தராது. முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் வாரிக் கொடுக்கும், பிறகு கிள்ளிக் கொடுக்கும். விளம்பரத் தாளில் “எட்டு மணி நேரம் எரியும்” என்று போட்டிருந்தால், எட்டாவது மணியில் உள்ளே கங்கு இருக்கும் என்றுதான் நான் படிப்பேன். அறை சூடாக இருக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை.

இனி வழிகளுக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் இறங்குகிற பள்ளத்தில் நானும் இறங்கினேன். வாய்வரை விறகை அடைத்துக் காற்றுத் திருகை இறுக மூடிவிடுவது. காற்று குறைந்தால் மெதுவாக எரியும், மெதுவாக எரிந்தால் விடியும்வரை வரும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முதல் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் செய்தேன். காலையில் பாதி கரிந்த கட்டைகள் கிடக்கும், கதவுக் கண்ணாடி அடிபிடித்த சட்டிபோல் கறுத்திருக்கும். அதைச் சாம்பலும் ஈரத் தாளும் வைத்துத் தேய்ப்பதே ஒரு வேலை. ஜூலைக் கடைசியில் ஒரு நாள் அடுப்பின் தலையில் கருப்பாக ஏதோ வடிந்து பொரிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். குழாயின் இணைப்பிலிருந்து வெல்லப் பாகுபோல் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வீடெல்லாம் தார்ச்சாலை போடுகிற வாசனை. குழாயைத் துப்புரவு செய்ய வந்தவர் ஒரு வாளி நிறையக் கண்ணாடிபோல் பளபளக்கும் கரிப் பொருக்கைக் கொட்டிக் காட்டி, “இது தீப்பிடித்திருந்தால் உங்களுக்கு இந்தக் கூரை இருந்திருக்காது, அம்மா” என்றார். அன்று இரவு அடுப்பையே பற்றவைக்கவில்லை.

நடந்தது இதுதான். காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு, சூடேறியதும் வாயுவாக வெளியேறிவிடும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். அது எரிய 600 டிகிரி அளவு வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். காற்றை மூடினால் கட்டை புகைந்துகொண்டே இருக்கும், வாயு எரியாமலே மேலே போகும். குழாயின் சுவர் 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அது அங்கேயே கீலாகப் படியும். இதைக் கிரியோசோட் என்கிறார்கள். என்றைக்காவது ஒரு நாள் நல்ல தீயின் சுவாலை அதைத் தொட்டால் குழாய்க்குள்ளேயே உலை மூண்டுவிடும். இங்கே மேட்டு நிலத்தில் புல் வேய்ந்த கூரைகள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

இதனால்தான் பதினான்கு கிலோவாட் வேண்டாம் என்றேன். பெரிய அடுப்பைச் சின்ன அறையில் வைத்தால் அரை மணியில் வேர்த்துக் கொட்டும். உடனே கை தானாகத் திருகை மூடப் போகும். அப்புறம் அது ஆண்டு முழுவதும் புகைந்தே காலம் தள்ளும். ஏழெட்டு கிலோவாட் அடுப்பு தன் முழு மூச்சில் எரிந்தால் விறகும் மிச்சம், குழாயும் சுத்தம்.

இரவுக்கு விறகு நிரப்புவதே தவறு என்று சொல்ல வரவில்லை. நிரப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒன்பதரை மணிவாக்கில் கங்குகளை எல்லாம் கதவுப் பக்கம், காற்று நுழையும் இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். பின்னால் பெரிய கட்டைகள் இரண்டு மூன்றை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைக்க வேண்டும். காற்றை முழுக்கத் திறந்து பதினைந்து இருபது நிமிடம் நன்றாக எரியவிட்டு, கட்டைகளின் முகம் கறுத்துச் சிவந்த பிறகு காற்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் சோம்பேறித்தனமாக ஒரு சுவாலையாவது ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அது அணைந்து வெறும் புகை சுழன்றால் அதிகமாக மூடிவிட்டோம் என்று பொருள். இப்படி வைத்தால் தீ சுருட்டுபோல முன்னாலிருந்து பின்னுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். என் அடுப்பில் இரண்டு மணிவரை சூடு தெரியும், ஐந்து மணிக்குக் கங்கு இருக்கும்.

அதற்குக் கட்டை வைரம் பாய்ந்ததாக இருக்க வேண்டும். எந்த மரமானாலும் கிலோவுக்குக் கிலோ வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். கனமான மரம் என்றால் அதே வயிற்றுக்குள் அதிகக் கிலோ அடங்கும், கங்கும் கெட்டியாக நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றால் அது கறுப்பு வாட்டில். நீலகிரியில் சீகை மரம் என்கிறார்களே, அதே மரம்தான். ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. அதே பத்தாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நடாலுக்கு வந்து சேர்ந்தது வாட்டில். பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். பிறகு அது தோட்டத்தைத் தாண்டி ஓடைக் கரையெல்லாம் பரவித் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கியது. அரசாங்கமே 1995 முதல் ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ திட்டத்தில் ஆள் வைத்து இத்தகைய அயல் மரங்களை வெட்டுகிறது. ஆகவே வாட்டிலை எரிப்பதில் எனக்கு மனச்சங்கடமே இல்லை. பைகளில் விற்கும் கேமல் தார்ன் இன்னும் நின்று எரியும். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட மரம், உரிமம் இல்லாமல் வெட்டக் கூடாது. பாலை நிலத்தில் மெல்ல வளர்ந்த ஒரு மரத்தை ஒரு ராத்திரித் தூக்கத்துக்காக எரிக்க எனக்கு மனம் வருவதில்லை. தைலமரம் நல்ல சூடு தரும், ஆனால் காய்ந்த பிறகு பிளக்க முயன்றால் கோடரிதான் அழும். பைன் சிராய்க்கு மட்டும் போதும்.

எந்த மரமானாலும் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சையாக வெட்டிய மரத்தில் எடையில் பாதிவரை தண்ணீர்தான். இங்கே மழை கோடையில் வருகிறது, மூடுபனியும் சேர்ந்துகொள்கிறது. அதனால் இந்த ஆகஸ்டில் வாங்கிப் பிளந்து, மேலே தகரம் போட்டுப் பக்கவாட்டில் காற்று ஓட அடுக்கினால் அடுத்த ஜூனுக்கு ஆகும். ஜூனில் பக்கி என்கிற சிறு சரக்கு வண்டியில் வந்து “நன்றாகக் காய்ந்தது” என்று இறக்கிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று விழும்.

இரண்டாவது வழி சாம்பலில் மூடுவது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த விளக்கப் புத்தகமும் இல்லை, என் மாமியார்தான். அதற்கு முன்பே என் ஆச்சியிடம் இதைப் பார்த்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. ஆச்சி அடுப்புக் கங்கை வறட்டித் துண்டோடு உமிக்குள் புதைத்து வைப்பார். அடுத்த வீட்டுக்காரி காலையில் கரண்டியோடு வந்து நெருப்பு வாங்கிப் போவாள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சில் சொல்வது எனக்குப் பழமொழியாகத்தான் தெரிந்திருந்தது. செய்முறையாகத் தெரிய ஹோவிக்வரை வர வேண்டியிருந்தது.

செய்முறை இது. சாயங்காலம் முழுக்க நல்ல சுவாலையில் எரித்துவிட்டு, பத்து மணிக்குச் சுவாலையும் புகையும் அடங்கி வெறும் தணல் மட்டும் மிஞ்சும்வரை காத்திருக்கிறேன். இரண்டு மூன்று உள்ளங்கை அளவுக் கங்குகளாவது வேண்டும், பொடிக் கங்கு நிற்காது. எல்லாவற்றையும் பின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கிறேன். ஒற்றைக் கங்கு அணைந்துவிடும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் நிற்கும். அதன்மேல் சலித்ததுபோன்ற பழைய சாம்பலை இரண்டு விரற்கடைக் கனத்துக்கு மெதுவாகத் தூவி மூடுகிறேன். இதற்காகவே அடுப்பின் அடியில் எப்போதும் கொஞ்சம் சாம்பலை வாராமல் விட்டுவைப்பேன். காற்றுத் திருகில் கால் பங்கு திறப்பு. காலையில் அத்தை, அதாவது என் மாமியார், முதலில் எழுவார். கம்பியால் சாம்பலைக் கிளறுவார். வெளுத்த குவியலுக்குள்ளிருந்து மாதுளை முத்துபோல் ஒரு சிவப்பு எட்டிப் பார்க்கும். நான்கு சிராய், ஒரு மெல்லிய பிளவு, காற்று முழுக்கத் திறப்பு. தேநீருக்குத் தண்ணீர் வைத்து நிமிர்வதற்குள் தீ நிமிர்ந்திருக்கும்.

இரவில் இது சூடு தராது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுப்பின் இரும்பு கைபொறுக்கும் அளவுக்கு இருக்கும், அறை மெல்லக் குளிரும். ஆனால் விறகு செலவில்லை, கீல் படியாது. சுவாலை எரிந்து முடிந்த பிறகு மிஞ்சும் கரியில் அந்தக் கீலாகிற வாயு கிட்டத்தட்ட இல்லை.

கரியில் வேறொன்று இருக்கிறது. இங்கே நிதானமாகப் படியுங்கள். தணல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு கிளம்பும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் உட்காரும். தூங்குகிறவர் இன்னும் ஆழமாகத் தூங்கிப்போவார். இந்த நாட்டில் துளையிட்ட தகர டப்பாவில் கரி போட்டுக் குளிர்காயும் இம்பாவுலாவை வெளியே மூட்டி, புகை அடங்கியதும் “இனி ஒன்றும் இல்லை” என்று அறைக்குள் தூக்கி வந்து, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. புகை அடங்கிய பிறகுதான் அது மிகவும் ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. குமுட்டி அடுப்பையோ இறைச்சி வாட்டும் கரிச்சட்டியையோ படுக்கையறைக்குள் கொண்டுவர வேண்டவே வேண்டாம்.

கணப்பு அடுப்பில் அந்த வாயுவைக் குழாய் இழுத்துக்கொண்டு போகிறது. குழாய் இழுப்பது உள்ளே சூடும் வெளியே குளிருமாக இருக்கும்வரைதான். ஆகவே உறைபனி இரவில் பயம் குறைவு. பயப்பட வேண்டியது ஆகஸ்டில், டிரேகன்ஸ்பர்க் மலையிலிருந்து வெப்பக் காற்று இறங்கும் இரவுகளுக்கு. வெளியேயும் சூடு, அடுப்பும் தணிந்துவிட்டது, குழாய் மந்தமாகிவிடும். அப்படிப்பட்ட இரவில் நான் கங்கை மூடி வைப்பதில்லை, எரித்துத் தீர்த்துவிடுகிறேன். அன்றைக்குக் கணப்பும் தேவைப்படாது. குழாயின் நடுவில் குறுக்குத் தகடு இருந்தால் கங்கு இருக்கும்வரை அதை மூடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றைப் படுக்கையறையிலும் அடுப்பு அறையிலும் மாட்டாமல் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்து பார்க்காதீர்கள்.

நிலக்கரிக்கு வருவோம். ரேய்ஸ்தார்ப்பில் அத்தை வளர்ந்த வீட்டில் டோவர் அடுப்பு இருந்தது. நான்கு கால், வெள்ளை எனாமல் கதவு, அடுப்பின்மேல் எப்போதும் ஒரு கெட்டில். அவருடைய பாட்டி படுக்கப்போகும் முன் கரித்தூளைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து தணலின்மேல் அப்பி வைப்பாராம். “எங்கள் வீட்டு அடுப்பு தீபாவளிக்குத் தீபாவளி கழுவுவதற்குத்தான் அணையும்” என்பார் அத்தை. கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கலாம், ஆனால் நிலக்கரி அப்படித்தான் நின்று எரியும். நடாலின் வடக்கே விரைஹெயிட் பக்கத்து ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி கிலோவுக்கு விறகைப்போல் இரண்டு மடங்கு வெப்பம் தரும், புகையும் குறைவு. எட்டு மணி நேரச் சூடுதான் ஒரே நோக்கம் என்றால் இதை எதுவும் மிஞ்சாது.

ஆனாலும் நான் வாங்குவதில்லை. விறகு மேலிருந்து வரும் காற்றில் சாம்பல் மெத்தைமேல் எரியும், நிலக்கரிக்கோ கீழிருந்து கம்பிச் சட்டம் வழியாகக் காற்று வர வேண்டும். விறகுக்கு மட்டும் செய்த அடுப்பில் அதைப் போட்டால் ஒன்று அணையும், அல்லது இரும்பை வளைக்கும். நிலக்கரியின் கந்தகமும் ஈர விறகின் நீராவியும் கலந்தால் எஃகுக் குழாயை அமிலம்போல் அரிக்கும். அதன் சாம்பலைச் செடிக்குப் போட முடியாது. என் கறிவேப்பிலைக்கும் கீரைப் பாத்திக்கும் விறகுச் சாம்பல் வேண்டும். இரண்டுக்கும் ஏற்ற அடுப்பு உங்களிடம் ஏற்கெனவே இருந்து, கரி வாங்கவும் வழி இருந்தால் அது உங்கள் முடிவு. இதற்காகவே புதிதாக வாங்காதீர்கள்.

தீயை நீட்டிக்காமல் சூட்டைச் சேமித்துவைக்கும் வழியும் உண்டு. ரஷ்யாவிலும் பின்லாந்திலும் செங்கல் அடுப்பு கட்டுகிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் மூர்க்கமாக எரித்துவிட்டு அணையவிடுவார்கள். புகை செங்கல் சந்துகளில் வளைந்து வளைந்து போய்ச் சூட்டை முழுக்கக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறும். ஒரு டன் செங்கல் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் ஏறத்தாழ 9 யூனிட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று கிலோ விறகின் பயன், விடியும்வரை தவணையில் கிடைக்கும். யோசனை என்ற அளவில் எல்லாவற்றிலும் சிறந்தது இதுதான், சந்தேகமில்லை. புது வீடு கட்டுகிறவர்கள் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். தம்பியின் பலகைத் தரையில் இரண்டு டன் செங்கல்லை ஏற்றினால் அடுப்பு நேராகப் பூமிக்குள் போய்விடும்.

வினையூக்கி பொருத்திய அடுப்புகள் புகையை 260 டிகிரியிலேயே எரித்துவிடும், அதனால் காற்றைக் குறைத்தாலும் கீல் குறைவாகவே படியும். நீண்ட இரவுத் தீக்கென்றே பிறந்தவை. விலை அதிகம், ஈர விறகும் சாயம் பூசிய பலகையும் தேன்கூடுபோல் இருக்கும் அந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றவும் வேண்டும். மாற்றுப் பாகம் டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ கையிருப்பில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மரத்தூள் குச்சி போடும் தானியங்கி அடுப்புக்கு மின்சாரம் வேண்டும். 2023-இல் நாளுக்குப் பத்து மணி நேரம்வரை மின்வெட்டைப் பார்த்த பிறகு அதை யாருக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணெய் நிரப்பிய மின் கணப்பு இரவுக்கு 12 முதல் 16 யூனிட் தின்னும். எரிவாயுக் கணப்பை எரியவிட்டுத் தூங்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட மலிவான வழி அணையவிடுவது. நான் சொல்லும்போது தம்பி சிரித்தார். ஆனால் பதினான்கு கிலோவாட் அடுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்துக் கூரைக்கு அடியில் காப்பு விரித்தால் பதினோரு கிலோ கேட்ட வீடு ஏழு கிலோவோடு நின்றாலும் நிற்கும். புது வீடுகளுக்கு 2011-இல் வந்த விதிகள் இந்தக் காப்பைக் கட்டாயமாக்கின, பழைய வீடுகளை யாரும் கேட்பதில்லை. சன்னலுக்குக் கனத்த திரை, கதவின் அடியில் மணல் அடைத்த துணிப் பாம்பு, பலகைச் சந்துகளுக்கு அடைப்பு. பிறகு ஒரு வெந்நீர்ப் பை. அதில் இருப்பது பத்தில் ஒரு யூனிட்தான், ஆனால் அறையைச் சூடாக்காமல் நேராகக் காலைச் சூடாக்குகிறது. அத்தைக்கு இரவில் அது போதும். கைக்குழந்தையின் தொட்டிலில் மட்டும் பை வேண்டாம். தூங்கப்போடும் முன் படுக்கையைச் சூடாக்கிவிட்டு எடுத்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் சாம்பலை மட்டும் லேசாக நினைக்க வேண்டாம். மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு காலை சாம்பலை அள்ளி வாளியில் போட்டு, ஆறிவிட்டது என்று பின்வாசல் படியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். முந்தாநாள் சாம்பல் அது. மலைக்காற்று எழும்பி மேல்சாம்பலை ஊதித் தள்ளியிருக்கிறது. திரும்பி வரும்போது படியோரக் காய்ந்த புல் ஒரு பாய் அளவுக்குக் கறுத்திருந்தது, பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் ஈரச் சாக்கோடு நின்றுகொண்டிருந்தார். “சாம்பலுக்குள் நெருப்பு இரண்டு நாள் தூங்கும்” என்று அவர் சூலு மொழியில் சொன்னதை என் அரைகுறை சூலுவிலும் புரிந்துகொள்ள முடிந்தது. கங்கை மூடி வைக்கும் கலையைப் பெருமையாகக் கற்றவளுக்கு, வாளிக்குள்ளும் அதே கலை நடக்கும் என்று தோன்றவில்லை. இப்போது மூடியுள்ள இரும்பு வாளி, சிமெண்டுத் தரை, மூன்று நாள் கழித்துத்தான் கீரைப் பாத்திக்கு.

என் வீட்டு வழக்கம், பெரும்பாலான இரவுகளில் சாம்பல். நல்ல உறைபனி இரவில் வாட்டில் கட்டைகளை அடுக்கும் முறை. ஒரே ஒரு முறை இரண்டும் போதவில்லை. 2024 செப்டம்பரில் பனி கொட்டி, வான் ரீனன் கணவாயில் என்-3 நெடுஞ்சாலை அடைபட்டு, வண்டிகளும் ஆட்களும் இரவு முழுக்க மாட்டிக்கொண்ட அந்த வார இறுதி. எங்கள் பக்கம் மின்சாரமும் போய்விட்டது. குளிர்காலம் முடிந்தது என்று விறகை எல்லாம் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றியிருந்தேன், சுமந்து சுமந்து வந்தோம். அன்று எந்த உத்தியும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து இரண்டு கட்டை போட்டோம், நான்கரைக்கு எழுந்து இன்னும் இரண்டு. எழுந்துபோய் விறகு போடுவதும் ஒரு வழிதான், எந்த விற்பனைத் தாளும் அதைச் சொல்வதில்லை. அத்தை எப்படியும் இரண்டு மணிக்கு எழுந்துவிடுவார் என்பதால் எங்களுக்கு அது சுலபம்.

தம்பியிடம் கடைசியாகச் சொன்னது இது. முதலில் கூரைக் காப்பு. அடுத்து எட்டு கிலோவாட்டுக்கு மேற்படாத அடுப்பு, சுற்றிலும் குழந்தை தொடாதபடி சுவரில் பூட்டிய கம்பித் தடுப்பு. இரண்டு எச்சரிக்கை மணி. ஆகஸ்டில் அடுத்த ஆண்டுக்கான வாட்டில் விறகு.

“அப்படியானால் விடியும்வரை எரியாதே, அண்ணி” என்றார்.

“குழந்தைக்கு எத்தனை மாதம்?” என்று கேட்டேன்.

“எட்டு.”

“ராத்திரி எத்தனை மணிக்கு எழுகிறது?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “இரண்டு மணிக்கு ஒரு தடவை, நான்கரைக்கு ஒரு தடவை” என்றார்.